தேரியானும் ஆறின கஞ்சியும்

இன்று காலை சமையலறைக்குள் நுழைந்ததுமே கடுகு நெடி மூக்கில் ஏறியது. நேற்று சந்தோஷ் கொடுத்தனுப்பிய பாட்டிலின் மூடியை நான் சரியாக இறுக்கவில்லை. உள்ளே மஞ்சள் தண்ணீர், அதில் ஊறிக்கொண்டிருக்கும் சின்னச் சின்னப் பருப்பு வடைகள். கடுகுப் பொடி, உப்பு, மஞ்சள் போட்டு வெயிலில் வைத்துப் புளிக்கவிட்ட இந்தத் தண்ணீருக்கு இந்த ஊரில் காஞ்சி என்று பெயர். உனக்கா அதைச் சொல்ல வேண்டும்? நீ இருந்திருந்தால் பாட்டிலைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அப்புறம் ஒரு டம்ளர் ஊற்றிக் குடித்துவிட்டு, "நல்லாத்தாம்ட்டி இருக்கு" என்றும் சொல்லியிருப்பாய்.

பாட்டிலோடு ஒரு சேதியும் வந்தது. டில்லி ஓரத்தில், நஜஃப்கடுக்கு அப்பால் இருக்கும் தன் நிலத்தில் சந்தோஷ் இந்த வாரம் மறுபடி வேர்க்கடலை போடுகிறாளாம். "தீதி, அந்தக் கறுப்புப் பொடி கிடைக்குமா?" என்று போனில் கேட்டாள். கிடைத்துவிட்டது. உன் ஆய்வுக்கூடத்தில் உனக்குப் பின் வந்த பெண் நான் கேட்டதும் எடுத்துவைத்துக் கொடுத்தாள். அதற்காகத்தான் இப்போது அடுப்பில் அரிசி குழைய வெந்துகொண்டிருக்கிறது. அது வெந்து, நீர்க்கக் கரைத்து, ஆறுகிற வரைக்கும் எனக்கு வேறு வேலையில்லை. வீட்டுக்காரர் பாங்குக்குப் போயிருக்கிறார். பால்கனிக் கதவைத் திறந்தால் லூ என்கிற அனல் காற்று முகத்தில் அறைகிறது. அதனால் கதவைச் சாத்திவிட்டு உன்னோடு பேச உட்கார்ந்தேன். உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று வெகுநாளாகப் பாக்கி இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

நாம் பழகியதே ஒரு சண்டையில்தான், ஞாபகம் இருக்கிறதா? டில்லி துவாரகாவில் அது நல்ல குளிர்காலம். மார்க்கெட் வாசலில் வறுத்த வேர்க்கடலை வண்டி, குவியலின் உச்சியில் புகைந்துகொண்டிருக்கும் மண்சட்டி. "கால் கிலோ மல்லாட்டை வாங்குங்க" என்று இவரிடம் சொன்னேன். பின்னாலிருந்து மப்ளர் சுற்றிய ஓர் உருவம் களுக்கென்று சிரித்தது.

"அது என்னது, மல்லாட்டையா? ஏதோ சண்டியர் பேரு மாதிரில்லா இருக்கு!"

எனக்குச் சுருக்கென்றது. டில்லிக் குளிரில், முன்பின் தெரியாத ஒருத்தி, தமிழில் என் ஊர்ப் பேச்சைக் கேலி செய்கிறாள். "விழுப்புரம் பக்கம் அதுக்கு அதாங்க பேரு. மணிலாக்கொட்டை, மல்லாட்டை. உங்க ஊர்ல இன்னான்னு சொல்வீங்களாம்?" என்று கேட்டேன்.

"நாங்க கடலைன்னு சொல்லுவோம்."

"அப்போ கொண்டைக்கடலையைக் கேட்டா இன்னா பண்ணுவீங்க?"

நீ வண்டியிலிருந்து ஒரு கடலையை எடுத்து உருட்டிப் பார்த்தாய். பிறகு மப்ளரை இறக்கிவிட்டு, "நான் ஆராய்ச்சி பண்ணுததே இந்தக் கடலையிலதான். இந்தப் பேரை மட்டும் நான் எந்தக் கட்டுரையிலயும் பாக்கல" என்றாய். பேரே தெரியாமல் என்ன ஆராய்ச்சியோ என்று நான் முணுமுணுத்தது உன் காதில் விழுந்தது. நீ அதற்கும் சிரித்தாய். மூன்று பேரும் உரித்துத் தின்றுகொண்டே நடந்தோம். கடைசியில் பார்த்தால் ஒரே சொசைட்டி, என் பால்கனிக்கு நேர் எதிரே உன் பால்கனி. அன்றைக்கு ஆரம்பித்த வாய்ச்சண்டை, நீ போகிற வரைக்கும் ஓயவில்லை. அப்புறம் ஓய்ந்தேவிட்டது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

உன் ஊர் சாத்தான்குளத்துக்குப் பக்கம். அங்கே சிவந்த மணல் மேடு மேடாகக் கிடக்குமாம், அதற்குத் தேரி என்று பெயராம். ஒரு தரம் கிறிஸ்துமஸ் லீவுக்குப் போனவள், தேரி ஓரத்துத் தோட்டத்தில் நின்ற கடலைச் செடியைப் பிடுங்கி, வேரை ஈரத்தாளில் சுற்றி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாய். பக்கத்து இருக்கைக்காரர் அதைக் கருவேப்பிலைக் கன்று என்று நினைத்தாராம். அந்த வேரில் மிளகு அளவுக்கு இருந்த முடிச்சுகளை நசுக்கி, அதற்குள் குடியிருந்த பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தாய். ஆபீசில் அதற்கு நாலு எழுத்தும் ஒரு நம்பரும் கொடுத்தார்கள். நீ வைத்த பேர் தேரியான்.

"அந்தச் சுடுமணல்லயே பொறந்து வளந்தவன். டில்லி ஜூன் எல்லாம் அவனுக்குத் தூசு பாத்துக்கோ" என்பாய், பெற்ற பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

நான் அமைச்சகத்தில் கோப்பு தள்ளுகிறவள். எனக்கு இதெல்லாம் எங்கே விளங்கும்? எல்லாவற்றையும் கிருமி என்றுதான் சொல்வேன். உனக்குக் கோபம் வரும்.

"கிருமின்னு சொல்லாதட்டி. குடித்தனக்காரன்னு சொல்லு. காத்து முழுக்க நைட்ரஜன் கெடக்கு, செடியால அதை அப்படியே எடுத்துத் திங்க முடியாது. இவன் வேருக்குள்ள ஒரு ரூம் எடுத்து உக்காந்து, அதைச் செடிக்கு ஏத்த மாதிரி ஆக்கிக் குடுக்கான். செடி இவனுக்குச் சக்கரை குடுக்கு. மூட்டை மூட்டையா யூரியா கொட்ட வேண்டாம்லா?"

டில்லியில் இத்தனை வீடு மாறியவளுக்கு வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்று சொன்னால் உடனே புரியும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. புரிந்தது. ஆனால் உன் குடித்தனக்காரன் கொஞ்ச நாள் குடியிருந்தது என் வீட்டு ஃபிரிஜ்ஜில். உன் ஃபிரிஜ் கெட்டுப்போன சமயத்தில், கரித்தூளில் கலந்து அடைத்த பாக்கெட்டுகளை என் வீட்டில் தயிருக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அடுக்கினாய். ஒருநாள் இவர் புதுக் காப்பிப் பொடி என்று நினைத்து அதில் ஒன்றைப் பிரித்துவிட்டார். நீ பதறி ஓடிவந்து, "குடிச்சா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே, தேரியானுக்குத்தான் ஆகாது" என்றாய். அன்றிலிருந்து இவர் ஃபிரிஜ்ஜில் எதை எடுத்தாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறார்.

அப்புறம் உனக்கு உடம்புக்கு வந்தது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று போனவளுக்கு, எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடமே வற்றிக்கொண்டு வருகிறது என்றார்கள். சில வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து யாரோ கொடுத்த ரத்தத்தை ஏற்றினார்கள். உன் தம்பி பெங்களூரிலிருந்து வந்து வந்து போனான். மற்ற நேரம் நான். பை நிறையப் பேச்சோடு வந்து பக்கத்தில் உட்காருவேன். ரத்தம் ஏறியதும் உன் கன்னத்தில் கொஞ்சம் நிறம் வரும், உடனே வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய்.

தொட்டியில் தேரியான் நன்றாகவே வேலை செய்திருந்தான். ஆபீஸ் நிலத்திலும் செய்தான். உனக்கு அது போதவில்லை. "வேலி போட்டு, நேரத்துக்குத் தண்ணி ஊத்தி வளக்குததுல்லாம் ஒரு வளப்பா? ஒரு சம்சாரி வயல்ல நிக்கணும். மத்தவனோட மண்ணுல, மத்தவன் கைப்பக்குவத்துல நிக்கணும். அப்பதான் நான் நம்புவேன்." அதைச் சொல்லிவிட்டு ரத்தப் பையை நிமிர்ந்து பார்த்தாய். "அடுத்த ஜூன் எனக்கு உண்டா தெரியாது. இந்த ஜூன் இருக்கு" என்றாய். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன், நீ விடவில்லை. உனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் ஒரு விவசாயியின் நிலத்தில் பிழைத்திருப்பதை உன் கண்ணால் பார்க்க வேண்டும்.

உன்னோடு வேலை செய்த ஒருவர் நஜஃப்கட் பக்கம் மணற்பாங்கான நிலம் வைத்திருக்கும் சந்தோஷ் என்பவரின் நம்பரைக் கொடுத்தார். நீ தொண்டையைச் செருமிக்கொண்டு போன் போட்டு, "நமஸ்தே பாயீ சாப்" என்று ஆரம்பித்தாய். எதிர்முனையில் ஒரு பெண்குரல், "யார் பாயீ சாப்? நான்தான் சந்தோஷ்" என்றது. நம் ஊரில் சந்தோஷ் என்றால் பையன்தானே! அரை நிமிடம் இரண்டு பேரும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பிலேயே அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

விதைக்கடலையை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் உரித்தோம். மேல் தோல் கிழியக் கூடாது, கிழிந்தால் முளைக்காது என்று நீ பத்து தரம் சொன்னாய். நான் அவ்வப்போது ஒன்றை வாயில் போட்டுக்கொள்வேன். "விதையைத் திங்காதட்டி!" என்று கையில் அடிப்பாய். அடி பலமாக விழாது, உன் கையில் அவ்வளவு வலு இல்லை. நான் வேண்டுமென்றே இன்னும் ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்வேன்.

விதைக்கப் போகிற சமயத்தில் உனக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். விதையும் பொடியும் ஆள் மூலம் சந்தோஷுக்குப் போய்ச் சேர்ந்தன. பொடியை எப்படிக் கலப்பது என்று நீ படுக்கையிலிருந்தே போனில் சொன்னாய். உன் ஹிந்தி எனக்குத் தெரியாதா? ஆண்பால் பெண்பால் பார்க்காமல், தடுக்கி விழுந்தாலும் நிற்காமல் ஓடுகிற ஹிந்தி.

"டண்டா காஞ்சி மே மிலானா. ஏக்தம் டண்டா. கரம் நஹீன்!" நன்றாக ஆறியதில் கலக்கு, சூடு கூடாது என்று சொல்கிறாயாம்.

"காஞ்சி மே?" சந்தோஷ் இரண்டாவது தரமும் கேட்டாள்.

"ஹான், ஹான், காஞ்சி. கர் கா காஞ்சி. உங்லீ டால்கே தேகோ." வீட்டுக் காஞ்சிதான், விரலை விட்டுப் பார் என்று விளக்கினாய்.

"அச்சா. கர் மே தோ ஹை" என்றாள் அவள், வீட்டிலேயே இருக்கிறதாம்.

நீ போனை வைத்துவிட்டு, "பாத்தியா, அவ வீட்டுலயும் கஞ்சி வைக்கா!" என்று என்னைப் பெருமையாகப் பார்த்தாய். இந்தப் பக்கத்தில் எல்லாரும் வெல்லத் தண்ணீரில்தானே கலக்கிறார்கள், அதையே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "வெல்லம்னா டில்லி எறும்பு பூரா வந்து நிக்கும். எங்க ஊர்ல ஆறின கஞ்சிதான். பசை மாதிரி பிடிச்சுக்கும். அது ஆறிட்டான்னு பாக்கச் சுண்டுவிரலை விட்டுப் பாக்கணும். நம்ம விரலுக்குச் சுடலைன்னா அவனுக்கும் சுடாது" என்றாய்.

மறுநாள் சந்தோஷ் ஒரு போட்டோ அனுப்பினாள். முந்தின சாயங்காலமே கயிற்றுக் கட்டிலில் துணி விரித்து விதைகளை நிழலில் உலர்த்தியிருந்தாள். நீ போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாய்.

"ஏட்டி, இங்க பாரு. விதைக்கு நடுவுல இது என்னது? வடையா?"

வடையேதான். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த குண்டானில் மஞ்சள் தண்ணீரும் தெரிந்தது. நாம் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நீ நினைத்தது கஞ்சி, அவள் கேட்டது காஞ்சி! நீ சிரிக்க ஆரம்பித்தாய். கண்ணில் தண்ணீர் வர, இருமல் வர, ஊசி குத்திய கை ஆட ஆடச் சிரித்தாய். நர்ஸ் வந்து திட்டிவிட்டுப் போனாள். அவள் போனதும் சிரிப்பு நின்றது. "கடுகு, உப்பு, புளிப்பு. ஒருத்தனும் மிஞ்சியிருக்க மாட்டான்ட்டி" என்றாய். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. உன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த வடைமேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

வெளியே வந்து சந்தோஷைக் கூப்பிட்டேன். நிலத்தில் பெரும்பகுதி காலையிலேயே விதைத்தாகிவிட்டது என்றாள். போர் செட் ஓரமாக ஒரு துண்டு நிலம் மட்டும் மிச்சம், கொஞ்சம் விதையும் கலக்காமல் மிச்சம். என் ஃபிரிஜ்ஜில் ஒரு பாக்கெட் மிச்சம் இருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறுநாள் ஆபீசுக்கு லீவு சொன்னேன். கஞ்சி வைத்து, ஆறவைத்து, தூக்கில் ஊற்றி, துணி கட்டி, அந்தப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மெட்ரோவுக்குப் போனேன்.

ஸ்டேஷனில் பையைச் சோதிக்கிற காவலர் தூக்கைக் காட்டி, அதில் என்ன என்று கேட்டார். எனக்கு வேறு வார்த்தை எங்கே தெரியும்? "காஞ்சி" என்றேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. திறந்து காட்டச் சொன்னார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்ததைப் பார்த்து ஏமாந்துபோனார்.

"அரே மாதாஜி, யே காஞ்சி நஹீன், யே தோ மாண்ட் ஹை!"

அவர் பிகார்க்காரராம். அவர்கள் வீட்டில் சோறு வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடிப்பார்களாம், அதற்குப் பேர் மாண்டாம். "டில்லியில் யார் இதையெல்லாம் குடிக்கிறார்கள்" என்று சொல்லி என்னை மரியாதையாக அனுப்பிவைத்தார். கறுப்புப் பொடியைப் பற்றிக் கேட்கவேயில்லை. கிரே லைனில் கடைசி வரை போய், அங்கிருந்து ஈ-ரிக்‌ஷா பிடித்தேன். வழியெல்லாம் அந்த வார்த்தையை மறந்துவிடாமல் உருப்போட்டுக்கொண்டே போனேன். உனக்கு ஒரு புது வார்த்தை கொண்டுபோகிறேன் என்று அத்தனை சந்தோஷம்.

சந்தோஷ் என் தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு "ஹாய் ராம்!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். காஞ்சி என்றதும் அவளுக்கும் விநோதமாகத்தான் இருந்ததாம். படித்தவர்கள் சொல்கிறார்கள், ஏதோ புது விஞ்ஞானம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளாம். மோட்டார் அறை நிழலில் சாக்கை விரித்தோம். கஞ்சியில் அவள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தாள், நானும் விட்டுப் பார்த்தேன். பொடியைக் கரைத்து, தோல் உரியாமல் மெதுவாக விதையைப் புரட்டி எடுத்தோம். கறுப்புக் கறுப்பாக, பசையோடு, பார்க்கவே பாந்தமாக இருந்தது. நிழலில் காய்ந்ததும் அந்தத் துண்டு நிலத்தில் ஊன்றினோம். ஆயுசில் நான் விதைத்தது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தூக்கைத் திறக்கச் சொன்ன காவலரைப் பற்றிச் சொல்லிவிட்டு, "கஞ்சிக்கு ஹிந்தியில மாண்ட்னு பேராம். இத்தினி வருஷம் இருந்து நம்ம ரெண்டு பேருக்கும் தெரியல பாரேன்!" என்றேன்.

நீ கூரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்" என்றாய்.

"இன்னா தெரியும்?"

"அந்த வார்த்தைதான். இங்க வந்த வருஷமே தெரியும். லேப்ல பிகார்ப் பிள்ளையெல்லாம் அப்படித்தான் சொல்லும்."

"பின்னே ஏன்டி சொல்லித் தொலைக்கல?"

நீ போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாய். பிறகு என் பக்கம் திரும்பினாய். "நம்ம காதுல அது எப்படி விழுதுன்னு கேளு. மாண்டதுல கலக்குன்னு எப்படிட்டி சொல்ல? அவனை உசுரோட அனுப்புதேன். கூடவே அந்த வார்த்தையையும் அனுப்ப எனக்கு வாய் வரல. இங்க படுத்துக்கிட்டுச் சொல்லணும்லா அதை."

நான் ராகுகாலம் பார்த்தால் கிண்டல் செய்கிறவள் நீ. பூனை குறுக்கே போனால் அதைக் கூப்பிட்டுக் கொஞ்சுகிறவள். டாக்டர் சொன்ன எதற்கும் முகம் மாறாதவள். ஒரு சொல்லைச் சொல்லப் பயந்து, தெரிந்தே ஒரு தப்பான சொல்லைச் சொல்லியிருக்கிறாய். நீ பயந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீதான் என்னைத் தேற்றினாய். "சரி விடு, வடை நல்லாருந்ததா?" என்று கேட்டாய்.

மழை பிடித்துச் செடி பூத்ததும் சந்தோஷ் ஈரச் சாக்கில் செடிகளைச் சுற்றி எடுத்துக்கொண்டு மெட்ரோவில் வந்தாள். அப்போது நீ வீட்டுக்கு வந்திருந்தாய். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கெட் தண்ணீரில் வேரை நீயே அலசினாய், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி. ஒரு கட்டு காஞ்சி நிலத்துச் செடி, இன்னொரு கட்டு போர் செட் ஓரத்துச் செடி. காஞ்சி நிலத்து வேரில் முடிச்சுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறி இருந்தன. ஓரத்துச் செடியில் அப்படியில்லை. நடு வேரைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக மொய்த்திருந்தன. நீ ஒன்றைக் கிள்ளி எடுத்து நகத்தால் பிளந்தாய். உள்ளே நல்ல சிவப்பு.

"பாரு. உள்ள வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா வேலை செய்யலைன்னு அர்த்தம். இது வேலை செய்யுது. இந்தச் சிவப்பும் நம்ம ரத்தச் சிவப்பும் ஒண்ணுக்கொண்ணு சொந்தம், தெரியுமா?"

எனக்குத் தெரியாது. தெரிந்ததும் உன் கையில் ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன இடத்தைத்தான் பார்த்தேன். சந்தோஷ் காஞ்சி நிலத்து முடிச்சு ஒன்றைப் பிளந்து, இதுவும் லால் லால், சிவப்புதான் என்று காட்டினாள். "அது ஊர்க்காரன். அந்த மண்ணுல முன்னமே இருக்கவன். அவனும் நல்லவன்தான்" என்று நீ தமிழில் சொல்ல, நான் அதை அவளுக்கு ஹிந்தியில் சொன்னேன்.

"அப்போ இது நம்ம தேரியானா?" என்று ஓரத்துச் செடியைக் காட்டிக் கேட்டேன்.

"இருக்கலாம்."

"உறுதியாச் சொல்லேன்டி."

"லேப்ல பாக்காம எப்படிச் சொல்ல? இருக்கலாம்."

வாய்தான் இருக்கலாம் என்றது. முகம் வேறு சொன்னது. முடிச்சுகளைப் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினாய். டீ வந்தபோது கையைக் கழுவச் சொன்னேன். நகத்தில் ஒட்டியிருந்த சிவப்பை என்னிடம் நீட்டிக் காட்டிவிட்டு, அப்படியே டம்ளரைப் பிடித்துக் குடித்தாய்.

கடலை பறிப்பதற்கு முன்னாலேயே நீ போய்விட்டாய். கல்லறையில் ஆளுக்கு ஒரு பிடி மண் போடச் சொன்னார்கள். என் முறை வந்தபோது கை மூடியபடியே நின்றுவிட்டது. ஒரு பிடி மண்ணில் டில்லி ஜனத்தொகையைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள் என்று நீ எப்போதோ சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. தனியாகப் போகவில்லை, அத்தனை பேரும் உன் சொந்தக்காரர்கள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையை விரித்தேன். உன் தம்பி என் தோளைப் பிடித்துக்கொண்டான். அதற்குச் சில நாள் கழித்துச் சந்தோஷ் ஒரு மூட்டை பச்சைக்கடலையோடு வந்து நின்றாள். தோலோடு உப்புப் போட்டு அவித்து, சொசைட்டி முழுக்கக் கொடுத்தேன். எல்லாரிடமும் மல்லாட்டை என்று சொல்லியே கொடுத்தேன். கேலி செய்ய யாரும் இல்லை.

இனி அந்தப் பாக்கி விஷயம். நீ போன பிறகு உன் ஆய்வுக்கூடத்துப் பெண் போன் செய்தாள். நீ அனுப்பிய முடிச்சுகளைப் பிரித்து அடையாளம் பார்த்தார்களாம். ஓரத்துச் செடியில் இருந்தது தேரியானேதான். இருக்கலாம் இல்லையடி, உறுதி. நான் இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அப்புறம் அவள் இன்னொன்றும் சொன்னாள். காஞ்சி நிலத்துச் செடி ஒன்றிலும் அவன் இருந்தானாம். பாத்தித் தண்ணீரோடு அங்கே போயிருக்கலாம், ஒருவேளை அந்தக் கடுகுத் தண்ணீரிலேயே ஒன்றிரண்டு பேர் தப்பியிருக்கவும் கூடும், எது என்று சொல்ல முடியாது என்றாள். உன் சிஷ்யை, வேறெப்படிப் பேசுவாள்? எனக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. கடுகிலும் உப்பிலும் கிடந்து பிழைத்தான் என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இதைக் கேட்டிருந்தால் நீ கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருப்பாய். சில நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா அந்த போன்?

இப்போது என் எதிரே இருக்கும் பாக்கெட்டில் அந்த நாலு எழுத்தும் நம்பரும்தான் அச்சடித்திருக்கின்றன. அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவால் தேரியான் என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். சந்தோஷுக்குத் தமிழ் படிக்க வராது, ஆனாலும் அந்தப் பேர் அவளுக்குத் தெரியும். நீ எந்தச் சொல்லைச் சொல்ல மறுத்தாய் என்பதையும் அவளிடம் ஒருநாள் சொன்னேன். அவளும் அதைச் சொல்வதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது "மதராசி காஞ்சி" என்கிறாள். நான் உன்னைப் பற்றிப் பேசும்போதும் அந்தச் சொல் என் வாயில் வருவதில்லை. நீ எங்கே என்று யாராவது கேட்டால் அவள் தேரிப் பக்கம் போயிருக்கிறாள் என்று மட்டும் சொல்கிறேன்.

கஞ்சியை இறக்கித் தூக்கில் ஊற்றி மின்விசிறிக்குக் கீழே வைத்து நேரமாகிவிட்டது. கிரே லைனைப் பிடிக்க வேண்டும், சந்தோஷ் காத்துக்கொண்டிருப்பாள். ஏடு படிந்துவிட்டது, பார்வைக்கு ஆறிய மாதிரிதான் இருக்கிறது. இப்போது எழுந்துபோய்ச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

இன்னும் சுடுகிறதடி.